தெர்மாமீட்டருக்கே தண்ணி காட்டும் ஐஸ் தொட்டி!

நியூயார்க்கில் பேங்க் ஆஃப் அமெரிக்கா டவரின் அடித்தளத்தில் 44 ஐஸ் தொட்டிகள் இருக்கின்றன, தெரியுமா? இரவில் உறையவைத்த ஐஸ் பகலில் உருகி, ஏசிக்குக் கைகொடுக்கிறது. சரி, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தொட்டியில் இன்னும் எவ்வளவு குளிர் மிச்சம்? தெர்மாமீட்டரை விட்டால் 0 டிகிரி. கால்வாசி உருகியிருந்தாலும் 0. முக்கால்வாசி உருகியிருந்தாலும் ஏறக்குறைய அதே 0!

எல்லாம் உள்ளுறை வெப்பத்தின் வேலை. ஒரு கிலோ ஐஸ், வெப்பநிலை துளிகூட ஏறாமல் தண்ணீராக மாறவே 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கிவிடும். அதே வெப்பம் அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதும்!

பிறகு எப்படித்தான் அளக்கிறார்கள்? நீர்மட்டத்தைப் பார்த்து! தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும். உருகினால் பழைய அளவுக்கே சுருங்கும். "மிதக்கிற ஐஸ் உருகினால் மட்டம் மாறாதே?" என்று ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்த பிள்ளைகள் உடனே மடக்குவார்கள். அருமையான கேள்வி! இந்த ஐஸ் மிதப்பதில்லை. தொட்டிக்குள் இருக்கும் குளிரூட்டும் காயில்களைக் கவ்விக்கொண்டு நீருக்கடியிலேயே நிற்கிறது. அதனால் மட்டம் ஏறுகிறது, இறங்குகிறது. தொட்டியில் ஒரு லிட்டர் சுருங்கினால் சுமார் 11 கிலோ ஐஸ் உருகிவிட்டது என்று பொருள். அது விழுங்கிய வெப்பத்தைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் மணி வருகிறது! இயற்கையே நமக்காக ரவுண்டாக்கி வைத்த எண் போல இருக்கிறது.

ஆனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத் தண்ணீர் மொத்தமும் உறைந்தாலும் மட்டம் ஏறுவது 18 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. ஒரு சதவீதக் குளிருக்கு இரண்டு மில்லிமீட்டர்கூடக் கிடையாது! கொஞ்சம் ஆவியானாலோ, எங்காவது கசிந்தாலோ கணக்கு தப்பிவிடும்.

போன குளிரைக் கூட்டிக் கழிக்கும் வழியும் உண்டு: குழாயில் ஓடும் திரவத்தின் அளவையும், உள்ளே போகிற, வெளியே வருகிற வெப்பநிலைகளின் வித்தியாசத்தையும் பெருக்கிக்கொண்டே வர வேண்டும். வித்தியாசமே 5 டிகிரிதான் என்றால், சென்சாரில் அரை டிகிரி பிழை பத்து சதவீதத்தைத் தின்றுவிடும். அந்தப் பிழை நாளுக்கு நாள் சேரும். தொட்டி முழுதாக உறையும்போதெல்லாம் மீட்டரைத் திருத்தியாக வேண்டும்.

பால் பண்ணைகளின் ஐஸ் பேங்க் தொட்டியில் இன்னொரு வித்தை! தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஐஸில் ஏறக்குறைய ஓடவே ஓடாது. காயிலிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் மின்முனையை ஐஸ் மூடியதும் மின்னோட்டம் விழும், கம்ப்ரஸர் நிற்கும்.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம், சுருக்கத்தை வைத்து வெப்பத்தை அளக்கும் உத்தியின் வயது. ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சன் 1870-லேயே செய்துகாட்டிவிட்டார்! மூடிய கண்ணாடிக் கலத்தில் ஐஸும் தண்ணீரும். அதோடு இணைந்த மெல்லிய குழாயில் பாதரசம். ஐஸ் துளி உருகினாலும் பாதரசம் உள்நோக்கி நகரும். இந்தக் கருவியால் அவர் இண்டியத்தின் தன்வெப்பத்தை அளக்க, அந்த உலோகத்துக்கு அதுவரை சொல்லிவந்த அணு எடை தவறு என்பதே அம்பலமானது!