ஆணா, பெண்ணா? எச்சம் சொல்லும்!

அமெரிக்காவில் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டையில், பெரும்பாலான மாநிலங்களில் சேவலையோ, மார்பில் தாடி தொங்கும் பறவையையோ மட்டுமே சுடலாம். தாடியுள்ளதும் பெரும்பாலும் சேவல்தான். ஆகவே காட்டில் சேவல் நடமாடும் இடத்தை முன்கூட்டியே கண்டறிய வேண்டும். பறவையே கண்ணில் படாதபோது எப்படி?

முதலில் எச்சத்தைப் பாருங்கள். சேவலின் எச்சம் நீளமாக, நுனியில் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். பெட்டையுடையது சுருண்ட சிறு குவியல். ஏன் இந்த வேறுபாடு? முட்டை வெளிவர வேண்டியிருப்பதால் பெட்டையின் கழிவுவாய் அகன்றது. அங்கே எச்சம் சுருண்டுகொள்ள இடமிருக்கிறது. எச்சத்தின் மேலுள்ள வெள்ளைப் பூச்சு யூரிக் அமிலம், அதாவது பறவையின் சிறுநீர்.

எச்சம் ஈரமாக, மென்மையாக இருந்தால் புதியது. ஒரு பெரிய மரத்தடியில் எச்சம் ஏராளமாகக் கிடந்தால், இரவில் வான்கோழிகள் அடையும் மரம் அதுதான். அந்தி நேரத்தில் அங்கே போகாதீர்கள். கலைந்த பறவைகள் இடம் மாறிவிடக்கூடும்.

சருகுகளைக் கிளறிய தடமும் உண்டு. கால்கள் பின்னோக்கித் தள்ளுவதால் சருகு பறவைக்குப் பின்னால் குவியும். குவியலுக்கு எதிர்த்திசையே அது போன திசை.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் வேறு. பெட்டையைக் கவரத் தோகை விரிக்கும் சேவல் இறக்கைகளைத் தாழ்த்தி நடக்கும். இறகு நுனிகள் உரசி, கால்தடத்தின் இருபுறமும் புழுதியில் மெல்லிய கோடுகள் விழும். அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்: அங்கே சேவல் ஆடியிருக்கிறது.