தளமும் நீரும்

நுழையும்முன்

வீட்டின் அறைகளுள் பெரும்பாலும் சிறியது குளியலறை. ஆயினும், கட்டடத்தைக் கடுமையாகச் சோதிப்பதும் அதுவே. நாள்தோறும் நனைந்து உலரும் அத்தளத்தில் ஓடு பதிக்கும் முறையையும், அது பழுதுற்றால் வீட்டாரே செப்பனிடத்தக்க வழிகளையும், அவர்கள் கைவைக்கக் கூடாத இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பாவும் பாவுதலும்

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர், நெசவுத் தொழிலில் நெடுங்காலம் ஊன்றி நின்ற ஊர். தறியில் நெடுக்காக ஓடும் நூலைப் பாவு என்றும், குறுக்காக ஓடும் நூலை ஊடை என்றும் நெசவாளர் வழங்குவர். தரையில் கல்லையோ ஓட்டையோ பரப்பிப் பதிப்பதற்கும் பாவுதல் என்ற சொல்லே தமிழில் உண்டு. அவ்வாறு பாவப்பட்ட தரை தளவரிசை எனப்படும். இன்று மக்கள் வழக்கில் 'டைல்ஸ்' என்னும் சொல் இவற்றையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வூரார் பலர் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். 1941இல் அவர்கள் தோற்றுவித்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் இன்றும் இயங்குகிறது. அந்நாட்டில் 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. இன்று அங்கு வாழ்வோருள் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் அவ்வீடுகளில் வசிக்கின்றனர்.

ஊரில் இருந்த பழைய வீடுகளில் குளிக்குமிடம் பெரும்பாலும் புறவாசலில், மண்மீது அமைந்தது. அங்கே கசிந்த நீர் வாழைக்கோ தென்னைக்கோ சென்றது. கசிவைக் குறையென்று எண்ணியவர் இலர். அடுக்குமாடியில் நிலைமை வேறு. ஒரு வீட்டின் குளியலறைத் தளமே மற்றொரு வீட்டின் கூரை. மேலே ஓட்டின் இணைப்பு விரிந்தால் கீழே வேறொரு குடும்பத்தின் கூரையில் ஓதம் பரவும். இப்போது நம் சிற்றூர்களிலும் கற்காரை மாடிகள் எழுந்துவிட்டமையால் இச்சிக்கல் கடல் கடந்த ஒன்றாக இல்லை.

ஓடு நீரைத் தடுக்குமா?

ஓடு பதித்துவிட்டால் நீர் கீழே இறங்காது என்பது பலரது நம்பிக்கை. இது முழு உண்மையன்று. ஓட்டின் மெருகிட்ட முகம் நீரை விடாது. ஆனால் ஓடுகளுக்கு இடையிலுள்ள இணைப்பு சிமெண்டால் ஆனது. சிமெண்டில் நுண்துளைகள் உள்ளன. ஒவ்வொரு நாளும் சிறிதளவு நீர் அவற்றின் வழியே கீழிறங்கும். அதனைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்புவது ஓட்டின் கீழே பூசப்பட்டிருக்கும் நீர்காப்புப் படலமே. அப்படலம் சரியாக இருந்தால் தளத்தில் இரண்டு ஓடுகள் உடைந்தாலும் கீழ்வீடு நனையாது. அது இல்லையெனில், விலையுயர்ந்த ஓடும் பயன்படாது.

இவ்வுண்மையைச் சிந்துவெளி மக்கள் அறிந்திருந்தனர். மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதன் சுட்ட செங்கற்கள் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கப்பட்டு, ஜிப்சம் கலந்த சாந்தால் இணைக்கப்பட்டிருந்தன. கட்டியோர் அத்துடன் நின்றுவிடவில்லை. செங்கல் சுவருக்குப் பின்புறம் நிலக்கீல் என்னும் இயற்கைத் தாரைப் பூசினர். கண்ணுக்குத் தெரியும் அழகிய முகம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத காப்பு மற்றொன்று என்னும் பகுப்பு நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

நீர்காப்புப் படலம் தளத்தில் மட்டும் பூசப்பட்டால் போதாது. சுவரிலும் சிறிது உயரம் ஏற வேண்டும். நீர்த்தூவி பொருத்திய சுவரில் தலைக்குமேல் வரை செல்ல வேண்டும். குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடமும், சுவரும் தளமும் கூடும் மூலையும்தாம் பெரும்பாலும் கசிவுக்குத் தொடக்கம்.

ஓட்டின் இயல்பு

இந்தியாவில் செய்யப்படும் பீங்கான் ஓடுகளின் பெரும்பகுதி குசராத்து மாநிலத்து மோர்பியிலிருந்து வருகிறது. ஓடுகளை அவை உறிஞ்சும் நீரின் அளவைக்கொண்டு வகைப்படுத்துவர். சுவருக்குரிய சாதாரணப் பீங்கான் ஓடு தன் எடையில் 10 விழுக்காட்டிற்கு மேல் நீரை உறிஞ்சும். மிகுவெப்பத்தில் சுடப்பட்டுக் கண்ணாடித்தன்மை பெற்ற 'விட்ரிஃபைடு' ஓடு அரை விழுக்காடு நீரைக்கூட ஏற்பதில்லை.

கொத்தனார்கள் ஓட்டை நீரில் ஊறவைத்துப் பதிப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த ஓடு சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்ட் இறுகுவதற்கு நீர் போதாமற்போகும். அம்முறை பழைய ஓட்டுக்குப் பொருந்தியது. விட்ரிஃபைடு ஓட்டையும் அவ்வாறே ஊறவைத்து வெறும் சிமெண்டில் பதிப்பதுதான் இன்று நிகழும் பிழைகளுள் முதன்மையானது. நீரை ஏற்காத ஓட்டின் துளைகளில் சிமெண்டும் நுழைந்து பற்ற இயலாது. அதற்கெனப் பலபடிச் சேர்மம் கலந்த ஒட்டுச்சாந்து வேண்டும். அத்தகைய ஒட்டுச்சாந்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரக்குறியீடு ஐ.எஸ். 15477; பையின்மீது அவ்வெண் உள்ளதா எனப் பார்த்து வாங்கலாம்.

ஓட்டின் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்து உருண்டைகளை வைத்து அழுத்தும் வழக்கமும் உண்டு. வேலை விரைவில் முடியும். ஆனால் உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் தங்கும். அங்கே நீர் தேங்கிப் பாசியும் நாற்றமும் உண்டாகும். வாளி தவறி விழுந்தால் ஓடு அவ்விடத்திலேயே உடையும். உலர்ந்த அறைகளில் ஓட்டின் அடிப்பரப்பில் 80 விழுக்காடும், நீர் புழங்கும் இடங்களில் 95 விழுக்காடும் சாந்து பற்றியிருக்க வேண்டுமென்பது அமெரிக்க நாட்டு நெறிமுறை.

மற்றொரு நுட்பமும் உண்டு. பீங்கான் ஓடு காற்றின் ஈரத்தை ஏற்று ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதாக விரியும். அதற்கு அடியிலுள்ள கற்காரையோ உலர உலரச் சுருங்கும். ஓடுகளை இடைவெளியின்றி நெருக்கி, சுவரோடு முட்டப் பதித்திருந்தால் இவ்விரு விசைகளுக்கும் இடமின்றி ஒருநாள் வெடியோசையுடன் ஓடுகள் கூடாரம்போல் மேலெழும். ஓடுகளுக்கு இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டரும், சுவரோரத்தில் 5 மில்லிமீட்டர் அளவும் இடைவெளி விடுவது இதனாலேயே. இடைவெளியின்றி இழைத்தாற்போல் பதித்துத் தருமாறு கொத்தனாரை வற்புறுத்துவோர் இதனை அறிய வேண்டும்.

தளம் வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். 80க்கு 1 என்பது பொதுவான அளவு. அதாவது இரண்டு மீட்டர் நீளத்திற்கு 25 மில்லிமீட்டர் இறக்கம். இதனை இரசமட்டத்தைக் கொண்டு ஓடு பதிக்கும் முன்னரே, அடித்தளத்திலேயே அமைத்துவிட வேண்டும். தரைக்கு வழவழப்பான ஓட்டைத் தவிர்த்துச் சொரசொரப்பான முகமுடைய ஓட்டைத் தேர்தல் நலம். முதியோர் உள்ள வீட்டில் இது விருப்பத்தைப் பொறுத்ததன்று.

ஓர் ஓட்டை மாற்றுதல்

ஓட்டின் நலத்தை அறியக் காதே போதும். சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வோர் ஓடாக மெல்லத் தட்டிவர வேண்டும். நன்கு பற்றிய ஓடு திண்ணென்று ஒலிக்கும். அடியில் வெற்றிடமுள்ள ஓடு பானையைத் தட்டினாற்போல் பொள்ளென்று ஒலிக்கும். இணைப்புச்சாந்து உதிர்ந்திருத்தல், ஓட்டோரத்தில் வெண்ணிற உப்புப் பூத்தல், மிதித்தால் ஓடு அசைதல் ஆகியன பிற அறிகுறிகள். ஒன்றிரண்டு ஓடுகளே பழுதெனில் வீட்டாரே மாற்றலாம்.

முதலில், அவ்விடத்தில் நீர்க்குழாயோ மின்கம்பியோ செல்கிறதா என அறிந்து, நீரையும் வெந்நீர்க் கருவியின் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் கட்டாயம். உடைந்த பீங்கான் கத்தியினும் கூரியது. ஈரச்சிமெண்டும் வலிய காரம்; தோலைப் புண்ணாக்கும்.

பழுதான ஓட்டைச் சுற்றியுள்ள இணைப்புச்சாந்தை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமை இங்கேதான் தேவை. இணைப்பை எடுக்காமல் ஓட்டை அடித்தால் அதிர்ச்சி அண்டை ஓட்டுக்குப் பரவும். ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்ற நேரும். பின்னர் ஓட்டின் நடுவில் உடைத்து, உளியைச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெயர்த்துவர வேண்டும். உளியைச் செங்குத்தாக இறக்கினால் கீழுள்ள நீர்காப்புப் படலம் கிழியும். பழைய சாந்தையும் சீவி எடுத்துத் தூசியைத் துடைத்து, புதிய ஓட்டை வெறுமனே வைத்துப் பார்த்தால் அது சுற்றியுள்ள ஓடுகளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்வே சாந்துக்குரிய இடம்.

ஒட்டுச்சாந்தைக் குழைக்கும்போது நீரில் தூளை இட வேண்டும். தூளில் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். குழைத்தபின் சில நிமிடம் விட்டு மீண்டும் ஒருமுறை கிளற வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்தை நீர்விட்டு இளக்கிப் பயன்படுத்தினால் அது பற்றாது, எறிந்துவிடுவதே சிக்கனம். பல்வெட்டுக் கரண்டியால் சாந்தை ஒரே திசையில் வரிவரியாகச் சீவி, ஓட்டின் முதுகிலும் மெல்லிதாகப் பூசி, வைத்து அழுத்திச் சிறிது அசைக்க வேண்டும். வரிகள் சாய்ந்து காற்று வெளியேறும். நேர்கோலை வைத்து அண்டை ஓடுகளுடன் மட்டம் பார்த்து, ஒருநாள் முழுதும் அதனை மிதியாமல் விட வேண்டும்.

மறுநாள் இணைப்புச்சாந்தை இரப்பர்ப் பலகையால் இணைப்புக்குக் குறுக்காகச் சாய்த்துத் தேய்த்து நிரப்பலாம். கடைகளில் இதற்குக் 'கிரவுட்' என்று பெயர். சற்று இறுகியதும், நன்கு பிழிந்த பஞ்சால் துடைக்க வேண்டும். நீர் சொட்டும் துணியால் துடைத்தால் நிறமும் வலிமையும் கரைந்துபோகும். சுவரும் தளமும் கூடும் மூலையில் மட்டும் கிரவுட்டை இடாமல், வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் பசையை இட வேண்டும். இரு பரப்புகளும் தனித்தனியே அசையும் இடம் அது. இறுகிய பொருள் அங்கே விரிசல் விடும்.

புதிய ஓட்டின் நிறம் பழையவற்றோடு ஒத்துவருவது அரிது. ஒரே வடிவத்து ஓடும் சூளைதோறும் சற்றே வேறுபடும். வீடு கட்டும்போதே பத்து ஓடுகளை எடுத்துப் பரணில் வைப்போர் முன்னறிவு உடையோர்.

அமிலமும் தூசும்

கறை நீக்குவதற்கென்று 'ஆசிட்' ஊற்றித் தேய்ப்பது தமிழகத்து வீடுகளில் பரவலான வழக்கம். அது ஐதரோகுளோரிக் அமிலம். ஓட்டின் முகத்தை அது எளிதில் தாக்காது. ஆனால் இணைப்பிலுள்ள சிமெண்டைக் கரைத்துவிடும். தளம் பளிச்சிடும், இணைப்பு பள்ளமாகும், அப்பள்ளத்தின் வழியே நீர் இறங்கும். பழுதுகளுள் கணிசமானவை இவ்வாறு வீட்டாராலேயே உண்டாக்கப்படுபவை. அமிலத்துடன் பிளீச்சிங் தூளும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். காற்றோட்டமற்ற சிறிய அறையில் அது உயிருக்கே கேடு.

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடி ஓடுகளில் அமிலத்தின் துளிகூடப் படலாகாது. அவை சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மீது அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்ட்குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, பின்னர் நீரில் ஊறவைத்துச் செய்யப்படுபவை. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகமாகிறது. அம்முகமும் சிமெண்டே என்பதால் அமிலம் அதனை அரித்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

ஓட்டையும் கல்லையும் வட்டவாளால் உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் வெண்தூசில் சிலிக்கா நுண்துகள்கள் உள்ளன. அவை நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகின்றன. அந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசு எழாமல் அடங்கும். வீட்டில் ஓரிரு நாள் வேலை செய்வோரைவிட, ஆண்டு முழுதும் அறுக்கும் தொழிலாளிக்கே ஆபத்து மிகுதி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்நுண்துகளைத் தடுக்காது.

யார் பொறுப்பு?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இதனை விதிகளால் அணுகுகிறது. புதிய கட்டடம் முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குக் குளியலறையின் தளவோட்டையும் சுவரோட்டையும் பெயர்க்கக் கூடாது. கழகம் அமைத்துத் தந்த நீர்காப்புப் படலம் சிதையாதிருக்க இவ்விதி. கூரையில் கசிவு கண்டால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். தகுதியுடைய நேர்வுகளில் செப்பனிடும் செலவில் பாதியைக் கழகம் ஏற்க, எஞ்சியதை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்வர். நனைந்தவரும் பணம் தருவதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அத்தளம் இருவருக்கும் பொதுவானது என்பதே இவ்விதியின் அடிப்படை.

ஓட்டை மாற்றியபின்னும் கூரையில் ஈரம் தொடர்ந்தால் பழுது ஓட்டில் இல்லை. படலத்திலோ குழாயிலோ உள்ளது. அது வீட்டார் கைவைக்கத்தக்கதன்று. தளம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் படலம் அமைக்கும் பணியைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். அவர் படலத்தைப் பூசி முடித்ததும், ஓடு பதிக்கத் தொடங்கும் முன், வடிகாலை அடைத்துத் தளத்தில் 25 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீரைத் தேக்கிச் சுவரில் கோடிட்டு வைக்கச் சொல்லலாம். ஒருநாள் கழித்துப் பார்த்தால், ஆவியானது போக நீர் கோட்டையொட்டியே நிற்க வேண்டும். அதன்பின் கீழ்வீட்டாரின் இசைவு பெற்று அவர்களது கூரையையும் ஒருமுறை பார்த்துவர வேண்டும்.