மட்கு உரக் கரைசலில் ஆக்சிசன் அளவைக் கண்காணித்தல்

மட்கு உரக் கரைசல் என்பது மட்கிய உரத்தை நீரில் ஊறவைத்து, காற்றுப் பம்பு மூலம் தொடர்ந்து காற்று செலுத்தித் தயாரிக்கப்படும் நீர்ம உரமாகும். இது 'கம்போஸ்ட் டீ' என்றும் அழைக்கப்படுகிறது. தயாரிக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசனின் அளவை அவ்வப்போது அளந்து வருவதே ஆக்சிசன் கண்காணிப்பு ஆகும்.

தேவை

கரைசல் பொதுவாக 24 முதல் 36 மணி நேரத்தில் தயாராகிறது. அப்போது பெருகும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் நீரிலுள்ள ஆக்சிசனைப் பயன்படுத்துகின்றன. பம்பு தருவதைவிட அவை எடுத்துக்கொள்வது மிகுந்தால், கரைசல் காற்றற்ற நிலையை அடைந்து துர்நாற்றம் வீசும். வெல்லப்பாகை மிகுதியாகச் சேர்ப்பது இதற்கு முக்கியக் காரணமாகும்.

அளவும் வெப்பநிலையும்

லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிசன் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பின்பற்றும் வழிகாட்டி அளவாகும். நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிசன் குறைகிறது. கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியசில் தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிசனை ஏற்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் கலனை நிழலில் வைப்பதும், இனிப்புப் பொருளைக் குறைப்பதும் இன்றியமையாதவை.

அளக்கும் முறைகள்

1888இல் வெளியான விங்கிளர் தரம்பார்த்தல் முறை தெளிந்த நீருக்கு ஏற்றது. கரிமப் பொருள் நிறைந்த கரைசலில் அதன் முடிவு பிழையாகலாம். எனவே மின்முனை அல்லது ஒளியியல் உணரி கொண்ட கருவிகள் பயன்படுகின்றன. குமிழிகள் எழும் இடத்தைத் தவிர்த்து, கலனின் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் அளக்க வேண்டும். ஆக்சிசன் முதலில் குறைவது அங்கேதான். துர்நாற்றம் தாமதமாகவே தெரியும் அறிகுறி என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

வரம்புகள்

போதிய ஆக்சிசன் இருப்பதாலேயே கரைசல் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. ஈ. கோலை, சால்மோனெல்லா ஆகிய நோய்க்கிருமிகள் ஆக்சிசன் உள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் வளரக்கூடியவை. உரத்தில் அவை இருந்தால் இனிப்புப் பொருள் அவற்றையும் பெருக்கும். இதனாலேயே அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியத்தின் பணிக்குழு 2004இல் அளித்த அறிக்கை, சேர்க்கைப் பொருள்கள் இட்ட கரைசல்களைச் சோதித்தறிய வலியுறுத்தியது. கீரை, வெள்ளரி போன்று பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு, நன்கு சூடேறி முழுமையாக மட்கிய உரத்தில் தயாரித்த கரைசலையே பயன்படுத்த வேண்டும்.