பீதிக் கோளாற்றுக்கான உளவியல் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

பீதிக் கோளாறு என்பது, வெளிப்படையான காரணமின்றித் திடீரெனத் தோன்றும் கடும் அச்சத் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு பதற்ற நோயாகும். படபடப்பு, மூச்சுத்திணறல், வியர்வை, தலைசுற்றல், இறந்துவிடுவோமோ என்ற எண்ணம் ஆகியவை சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின்னர் தணியும். அடுத்த தாக்குதல் பற்றிய கவலையோ, அதற்கு அஞ்சிப் பேருந்துப் பயணம், கடைவீதி போன்றவற்றைத் தவிர்ப்பதோ ஒரு மாதமேனும் நீடிப்பது இந்நோயின் அடையாளம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது.

மாரடைப்பு என எண்ணி இ.சி.ஜி. எடுத்துக்கொள்வோர் பலர். முதலில் அப்பரிசோதனை தேவையானதே. இதயம், தைராய்டு ஆகியவற்றில் குறையில்லை எனத் தெரிந்த பின்னும் தாக்குதல்கள் தொடர்ந்தால் மனநல சிகிச்சை பெற வேண்டும்.

சிகிச்சை வகைகள்

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: உடலின் இயல்பான மாற்றத்தை ஆபத்தெனத் தவறாகப் பொருள்கொள்வதே பீதியைப் பெருக்குகிறது என்று 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். அந்த எண்ணத்தை இச்சிகிச்சை திருத்துகிறது. படியேறுதல், வேகமாக மூச்சுவிடுதல் போன்றவற்றால் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தீங்கற்றது என உணரச் செய்வதும் இதன் பகுதியாகும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியைச் செய்யக் கூடாது.

தளர்வுப் பயிற்சி: தசைகளை இறுக்கித் தளர்த்தி உடலை அமைதிப்படுத்துவது.

உளவியக்க சிகிச்சை: பீதிக்குப் பின்னுள்ள கோபம், பிரிவுத்துயர் போன்ற உள்மனப் போராட்டங்களைப் பேசித் தெளிவது.

ஆதரவு சிகிச்சை: பரிவுடன் கேட்டு, நோயாளியின் மன உறுதியை வளர்ப்பது.

ஒப்பீட்டு முடிவுகள்

2016இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 54 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்தது. மிக அதிகமாக ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சையே. பிற முறைகளைவிட அது மேம்பட்டிருந்தாலும் வேறுபாடு பெரிதன்று. உளவியக்க சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் நம்பிக்கை தரும் பலனைக் காட்டின. 49 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியக்க சிகிச்சை பெற்றோரில் 73 விழுக்காட்டினரும் தளர்வுப் பயிற்சி பெற்றோரில் 39 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர்.

2018இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் கூறுகளைத் தனித்தனியே ஆராய்ந்தது. உடல் உணர்வுகளை எதிர்கொள்ளும் பயிற்சியும், நேருக்கு நேர் நடக்கும் சிகிச்சையும் கூடுதல் பலன் தந்தன. தசைத் தளர்வுப் பயிற்சியின் பலன் குறைவாக இருந்தது. படபடப்பை அடக்க முயல்வதைவிட, அதைக் கண்டு அஞ்சாமலிருக்கப் பழகுவது முக்கியம் என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன.

மருந்துகளும் பயனளிக்கின்றன. ஆனால் அவற்றை மருத்துவர் அறிவுரையின்றி நிறுத்தக் கூடாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

வாரந்தோறும் பல அமர்வுகள் தேவைப்படுவதால், சிற்றூர்களில் வாழ்வோருக்குப் பயணமே தடையாகிறது. பேருந்தில் ஏறவே அஞ்சுபவருக்கு இத்தடை இருமடங்காகும். தொலைவு என்னும் இத்தடையைக் கடக்க இம்மாவட்டத்தில் ஒரு முன்முயற்சி உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் இங்கு நடமாடும் தொலை மனநல மருத்துவச் சேவையைத் தொடங்கியது. சென்னையிலுள்ள மருத்துவர், பேருந்தில் அமர்ந்திருக்கும் நோயாளியுடன் காணொலி வழியே பேசுவார். மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்காகவே முதன்மையாக அது அமைக்கப்பட்டது.

பீதிக் கோளாறு உள்ளோர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் மாவட்ட மனநலத் திட்டத்தையும் அணுகலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.