மாடிப்படிக்கு இரண்டு சுவிட்ச்

அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஏறக்குறைய கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். சூரியன் மட்டும் அங்கே சுமார் 50 நிமிடம் முந்தி மறைகிறது. கார்த்திகையில் மாலை 5 மணியை ஒட்டியே மாடிப்படி இருட்டிவிடும். கீழே சுவிட்சைப் போட்டு மேலே போனவர் அணைப்பதற்காக மறுபடி இறங்கி வரமாட்டார். விளக்கு விடியவிடிய எரியும். அணைத்துவிட்டாலோ, நள்ளிரவில் வயதானவர்கள் இருட்டில் தடவித்தடவி இறங்க வேண்டும்.

இந்தத் தீவுகளுக்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. வடக்கு அந்தமானில் கல்பொங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் உண்டு. சூரிய மின்சாரமும் வந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பகுதி, கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்து எடுப்பதுதான். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட். 60 வாட் குண்டு பல்பு இரவுக்குப் பத்து மணி நேரம் வீணாக எரிந்தால் மாதம் 18 யூனிட், அதாவது ஐந்து லிட்டர் டீசல். 9 வாட் எல்.இ.டி. என்றால் முக்கால் லிட்டர். அதையும் ஏன் கடல் தாண்டிக் கொண்டுவந்து வீணாக்க வேண்டும்?

தீர்வு, ஒரே விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சுவிட்ச். ஐ.டி.ஐ. மாணவர்கள் இதை ஸ்டேர்கேஸ் வயரிங் என்று படிப்பார்கள். சாதாரண சுவிட்சுக்கு இரண்டு முனை. டூ-வே சுவிட்சுக்கு மூன்று. அதில் ஒன்று காமன். வயலில் மடை மாற்றுவதுபோல, காமனில் வரும் மின்சாரத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுகிறது இந்தச் சுவிட்ச். கீழே ஒரு மடை, மேலே ஒரு மடை, நடுவே இரண்டு வாய்க்கால். இரு மடையும் ஒரே வாய்க்காலைப் பார்த்தால் விளக்கு எரியும். எந்த மடையை மாற்றினாலும் அணையும். மறுபடி எதை மாற்றினாலும் எரியும்.

பழைய வீட்டில் கீழ்ச்சுவிட்சையும் டூ-வேயாக மாற்ற வேண்டும். ஃபேஸ் அதன் காமனுக்கு. விளக்குக்குப் போகும் வயர் கீழ்ப்பெட்டியிலிருந்தே போகிறது என்றால், மேலே மூன்று வயர் இழுக்க வேண்டும்: இரண்டு வாய்க்கால்கள், மூன்றாவது மேல்சுவிட்சின் காமனிலிருந்து திரும்பி வந்து அந்த விளக்கு வயரில் சேர. மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையால் நடக்க வேண்டிய வேலை இது.

வயரை மிச்சம் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து, விளக்கை இரு காமனுக்கும் நடுவே மாட்டிவிடுவார்கள். விளக்கு ஒழுங்காகவே எரியும், அணையும். ஆனால் இரு பக்கமும் ஃபேஸ் வந்தாலும் விளக்கு அணைந்துதான் இருக்கும். ஹோல்டரின் இரு முனையிலும் 230 வோல்ட் காத்திருக்கும். மழைச்சாரல் நனைத்த படியில் வெறுங்காலோடு நின்று பல்பு மாற்றுகிறவரை நினைத்தால் பதறுகிறது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கீழ்வீட்டு ஃபேஸோடு மாடி நியூட்ரலைச் சேர்ப்பதும் தவறு; மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும்.

அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால் பல்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அருகருகே ஓடும் வயர்களில், மின்சாரம் உள்ள வயர் அடுத்ததிலும் துளி மின்னோட்டத்தைத் தூண்டும், எல்.இ.டி.க்கு அதுவே போதும்.

மூன்று மாடி வீடா? நடுமாடியில் அந்த இரு வாய்க்காலையும் குறுக்கே மாற்றிவிடும் நான்கு முனை இன்டர்மீடியட் சுவிட்ச் ஒன்று போதும்.