உயர்ந்து நிற்பது ஒன்று, நிரம்பி நிற்பது வேறு

சிங்கப்பூரின் மரினா பே கரையிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் பாருங்கள். அங்குள்ள மூன்று பெரிய கோபுரங்கள், யாரோ நூல் பிடித்து நறுக்கியதுபோல் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். அவை கட்டி முடிக்கப்பட்டது 1986, 1992, 1995 ஆகிய ஆண்டுகளில். மூன்றுமே 280 மீட்டர் அளவோடு நின்றுவிட்டன. பணம் போதவில்லையா? இல்லை, காரணம் விமானங்கள்.

பாய லேபார் ஆகாயப்படைத் தளத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடையற்ற வான்வெளி வேண்டும். அதற்காக நகரின் தலைமேல் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று போடப்பட்டிருக்கிறது. 2016இல் தஞ்சோங் பகாரில் எழுந்த கட்டடம் அந்த மட்டத்தைச் சற்றே தாண்டியது. இப்போது ஷென்டன் வேயில் 305 மீட்டர் உயரத்துக்கு ஒன்று எழுந்து வருகிறது. 2030க்குப் பிறகு அந்தத் தளம் சாங்கிக்கு இடம் மாறும்போது கூரை இன்னும் உயரும்.

கோலாலம்பூரின் வானம் இப்படி நறுக்கப்படவில்லை. அங்கே சிக்கல் காலடியில். நகரின் பல இடங்களில் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் குகையும் பள்ளமுமாக ஆக்கிவிடும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் ஒரு பக்கம் பாறை மேலேயே இருந்தது, மறுபக்கம் பாதாளத்துக்கு இறங்கியது. அப்படியே கட்டியிருந்தால் கோபுரம் சாய்ந்திருக்கும். பொறியாளர்கள் கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்திவிட்டார்கள். அடித்தளத் தூண்கள் 114 மீட்டர் ஆழம்வரை இறங்குகின்றன. அவை பாறைமீது நிற்கவில்லை. சுற்றியுள்ள மண்ணின் உராய்வே 452 மீட்டர் கோபுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

சரி, உயரத்தில் வென்ற நகரம்தான் அலுவலகத்திலும் வென்றதா? இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. மெர்டேக்கா 118இன் உயரம் 678.9 மீட்டர், உலகில் இரண்டாம் இடம். ஆனால் அதில் சுமார் 160 மீட்டர் வெறும் ஊசிமுனை. அங்கே ஒரு மேசைகூடப் போட முடியாது. அந்தக் கோபுரத்தின் அலுவலகப் பரப்பு ஏறக்குறைய 1.7 மில்லியன் சதுர அடி. மரினா பே நிதி மையத்தின் மூன்று அலுவலகக் கோபுரங்களில் எதுவும் 50 மாடியைத் தாண்டவில்லை. மூன்றும் சேர்ந்து தருவதோ சுமார் 3 மில்லியன் சதுர அடி.

மாடி கூடக்கூட மின்தூக்கிகளும் கூடவேண்டும். மேலே போகும் ஒவ்வொரு மின்தூக்கியும் கீழேயுள்ள எல்லா மாடிகளிலும் இடத்தைத் தின்னும். அதனால்தான் பெட்ரோனாஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள் கொண்ட மின்தூக்கிகளை வைத்தார்கள். உச்சி மாடிகளுக்குப் போகிறவர்கள் 41, 42ஆம் மாடிகளில் இறங்கி மாறவேண்டும்.

கட்டியாகிவிட்டது, குடிவருவது யார்? கிள்ளான் பள்ளத்தாக்கில் காலி அலுவலகங்களின் அளவு 2021க்குள் 32 விழுக்காட்டைத் தொடலாம் என்று பேங்க் நெகாரா 2017இலேயே எச்சரித்தது. புதுக் கோபுரம் திறந்தால் நிறுவனங்கள் அங்கே இடம் மாறும். காலியாவது பழைய கட்டடம். என் பார்வையில் கவலைக்குரியது அதுதான், ஏனென்றால் வான்வரியைப் படமெடுக்கும் யாரும் அதைப் படமெடுப்பதில்லை.

சிங்கப்பூர் 2019இல் ஒரு வழி பார்த்தது. பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாகவோ தங்குவிடுதியாகவோ மாற்றினால் கூடுதல் கட்டடப் பரப்புக்கு அனுமதி. பெரும்பாலும் இடித்துவிட்டே கட்டுகிறார்கள். அந்த 305 மீட்டர் கோபுரமும் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றை இடித்த இடத்தில்தான் எழுகிறது. இடிக்காமல் மாற்றுவது கடினம். அலுவலக மாடியில் கழிவறைக் குழாய்கள் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். சன்னலிலிருந்து நடுப்பகுதி வெகுதூரம். அதையே பல வீடுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு சமையலறைக்கும் குளியலறைக்கும் தனிக்குழாய் இழுக்கவேண்டும், உள்ளறைகளுக்கோ வெளிச்சமே வராது.