பொம்மை லாரியும் மூன்று குண்டுகளும்

2016 ஜூலை 18. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள நார்த் மயாமி. காப்பகத்திலிருந்து வெளியே போய்விட்ட 26 வயது இளைஞர் ஒருவர், நடுச்சாலையில் உட்கார்ந்து பொம்மை லாரியோடு விளையாடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்டிசம். யாரோ அதைத் துப்பாக்கி என்று நினைத்து 911-ஐ அழைக்க, போலீஸ் வந்துவிட்டது. அவரை அழைத்துப்போக வந்த கறுப்பினப் பராமரிப்பாளர், இரு கைகளையும் தூக்கியபடி மல்லாந்து படுத்து, அது பொம்மை லாரி என்று கத்திக்கொண்டே இருந்தார். பொம்மை போலத்தான் தெரிகிறது என்று ஒரு போலீஸ்காரரும் ரேடியோவில் சொன்னார். தூரத்தில் நின்ற இன்னொருவர் மூன்று முறை சுட்டார். பராமரிப்பாளரின் காலில் குண்டு பாய்ந்தது. குறிவைத்தது அவரை அல்ல, அந்த இளைஞரைத்தான் என்றது காவலர் சங்கம். குண்டை விட இந்த விளக்கம்தான் என்னை நடுங்க வைக்கிறது.

ஆட்டிசத்தை அடையாளம் காணவும் அதற்கேற்ப நடந்துகொள்ளவும் போலீஸாருக்குக் கற்பிக்க, 2017-இல் ஃபுளோரிடா சட்டம் இயற்றியது. தேவையான சட்டம்தான். ஆனால், அடையாளம் தெரிந்தால் மட்டும் போதுமா?

போலீஸ் கண்ணுக்குச் சந்தேகமாகப் படுகிற பலவும் ஆட்டிசம் உள்ள பலருக்கு இயல்பானவை. முகம் பார்த்துப் பேச மாட்டார். ‘கையைத் தூக்கு’ என்றால் அதையே திருப்பிச் சொல்வார். கேலி செய்கிறார் என்று தோன்றும். சைரனும் சுழல்விளக்கும் அவரைத் துடிக்க வைக்கும். தோளைத் தொட்டால் உதறிக்கொண்டு ஓடுவார். தப்பியோட முயன்றார் என்று பதிவாகும். கேட்ட கேள்வி மனதில் பதிந்து பதிலாக வரவே சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நான்கு பேர் நான்கு உத்தரவு போட்டால், வரவிருந்த பதிலும் நின்றுபோகும்.

துப்பறிவாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான டென்னிஸ் டெபாட் போன்றவர்கள் போலீஸாரிடம் பல்லாண்டுகளாக வலியுறுத்துவது எளியது: சைரனை நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்னச் சொற்களில் ஒரே ஒரு உத்தரவு, பிறகு காத்திருங்கள். காத்திருப்பதுதான் போலீஸுக்கு வரவே மாட்டேன் என்கிறது. 2025 ஏப்ரலில் ஐடஹோ மாநிலத்தின் போகடெல்லோவில், ஆட்டிசமும் பெருமூளை வாதமும் உள்ள 17 வயதுப் பையன் கையில் கத்தி வைத்திருந்தான். நடுவே கம்பி வேலி இருந்தது. காரிலிருந்து இறங்கிய சில நொடிகளுக்குள் சுட்டார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். வேலிக்கு இப்பால் நின்று பேச நேரம் இருந்தது.

இந்தக் காத்திருப்பை வீடியோ போட்டுக் கற்றுத்தர முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களையே உரிய ஊதியம் தந்து பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். அவர்கள் எதிரே பேசாமல் நிற்க, போலீஸ்காரர் துப்பாக்கிப் பக்கம் கை போகாமல், அடுத்த உத்தரவையும் விழுங்கிக்கொண்டு, பதில் வரும்வரை நின்று பழக வேண்டும். ஒருமுறை அல்ல, சுடும் பயிற்சி எத்தனை முறையோ அத்தனை முறையும்.